முதல் நெருப்பும் ஒரு செக் வால்வும்

தம்பிகளே,

போன வாரம் உங்கள் பட்டறையைப் பார்க்க வந்திருந்தேன் அல்லவா? அப்போது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "ஐயா, செக் வால்வில பாக்கிறதுக்கு என்ன இருக்கு? திருகக்கூட ஒண்ணும் இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காபி நன்றாக இருந்தது, அதனால் அங்கேயே சண்டை பிடிக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும். வந்ததை வீணாக்குவானேன் என்று இதை எழுதி அனுப்புகிறேன்.

கேள்வி நியாயமானதுதான். ஓர் ஆலைக்குள் போனால் மற்ற வால்வுகளுக்கெல்லாம் சக்கரமோ பிடியோ இருக்கும். நாலு பேர் பார்க்க அதைப் பிடித்துத் திருகினால் நமக்கும் ஒரு மரியாதை. செக் வால்வுக்கு அதெல்லாம் கிடையாது. உள்ளே ஒரு தட்டு, அது போய் உட்கார ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்துக்கு சீட் என்று பெயர். தண்ணீர் போகவேண்டிய பக்கம் போனால் தட்டு எழுந்து வழிவிடும். திரும்பி வரப் பார்த்தால் தானாகச் சீட்டில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். மனிதனை நம்ப முடியாது என்று தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் செய்த சாமான் அது. பம்புக்காரர் வெற்றிலை போடப் போனாலும், பக்கத்து ஆளோடு ஊர்வம்பு பேசினாலும், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனாலேயே அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். வாழ்நாளில் பாதிக்கு மேல் அதைத்தான் பார்த்தேன். ஜின்னிங் ஆலை, அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தோட்டத்துக் கிணறு, எங்கே தண்ணீர் மேலே ஏறியதோ அங்கெல்லாம் போய் அதைத் திறந்து பார்த்தேன். சிவகிரிப் பக்கம் ஒரு கிணற்றில், குழாயின் அடி முனையில் இருக்கும் அடிவால்வு மூடவே மாட்டேன் என்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். மேலே தூக்கிப் பார்த்தால் தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு தவளை, வாடகைக்கு வந்த மாதிரி வசதியாக உட்கார்ந்திருந்தது. தோட்டக்காரர் என்னிடம் ஓர் இளநீர் கொடுத்துவிட்டு, தவளையைத் திருப்பிக் கிணற்றிலேயே விட்டார். அந்த மாதிரி வேலைகளும் உண்டு. ஆனால் எல்லாத் தடவையும் தவளையாக இருப்பதில்லை.

உலக யுத்தம் முடிந்திருந்தது. கரிவாயுவில் ஓடும் பஸ்கள் மட்டும் இன்னும் ஒழியவில்லை. மண்ணெண்ணெய்க்கு ரேஷன், அரிசிக்கு ரேஷன். நான் ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தேன். சங்கரன்கோவிலில், பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஆலைக்கு, பருத்தி சீசன் தொடங்கும் முன்னால், பாய்லர் வால்வுகளைப் பார்த்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

அந்த ஆலை முதலாளிக்குக் குரல் பெரிது. மனசு மோசமில்லை, ஆனால் குரல்தான் எப்போதும் முந்திக்கொண்டு வரும். அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சீசன் தொடங்கும் நாளில் விடிவதற்கு முன்னால் பாய்லருக்குப் பூஜை. அதற்குள் பித்தளை எல்லாம் பளபளக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. முதலாளியே சூடம் கொளுத்தி அடுப்புக்குள் போடுவார். அந்த நெருப்பு, முதல் பேல், அதாவது முதல் பஞ்சுப் பொதி, கட்டி வெளியே வரும்வரை அணையக்கூடாது. அணைந்தால் அந்த வருஷம் விளங்காது. முந்தின சீசனில் விறகுக்கு ஈரமான பருத்திமாரைப் போட்டு நெருப்பை அணையவிட்ட பாய்லர்காரரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் மாடசாமி அண்ணாச்சி. தூத்துக்குடியில் ஒரு மில்லில் வேலை பார்த்து, அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு இந்த வேலை கிடைத்திருந்தது. அவரும் அவர் சம்சாரம் கோமுவும் ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கோமு மதினி சொன்னார், அதுவும் குழம்பு ஊற்றும்போது, உப்புப் பார்க்கச் சொல்வது போலச் சாதாரணமாக.

பூஜைக்கு முந்தின நாள் பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயில் இருந்த செக் வால்வைத் திறந்தேன். பித்தளைத் தட்டு தேய்ந்திருந்தது. தட்டையும் சீட்டையும் ஒன்றோடொன்று வைத்து, நடுவில் உலோகம் தேய்க்கும் பசை தடவி, இரண்டும் அணுவளவு சந்து இல்லாமல் பொருந்தும்வரை தேய்த்தேன். அப்புறம் தட்டை உட்கார வைத்து மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினேன். தண்ணீர் நிற்கிற இடத்தில்கூட மண்ணெண்ணெய் நிற்காது, எங்கேயாவது நூலிழை வழி இருந்தால் கண்டுபிடித்து இறங்கிவிடும். அன்று அது அசையாமல் நின்றது. ரேஷன் மண்ணெண்ணெய் என்பதால் திரும்பவும் சிரட்டையில் வழித்து எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சரியாகத் தேய்த்த தட்டு பார்க்க லட்சணமாக இருக்காது. அதன் விளிம்பு சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கும். அந்த மங்கல்தான் நமக்கு வேண்டியது. இரண்டு உலோகமும் எல்லா இடத்திலும் தொட்டுக்கொள்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மூடிக்குப் போடும் ரப்பர் வளையம் நைந்து போயிருந்தது. புதியது ராஜபாளையத்தில்தான் கிடைக்கும். பாய்லரில் ஆவி ஏறவே காலையில் நெடுநேரம் ஆகும், அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, தட்டை ஒரு சுத்தமான துணியில் வைத்தேன்.

"அண்ணாச்சி, காலைல மொத பஸ்ஸுல வாரேன். நெருப்பு போடுறதப் போடுங்க. நான் வந்ததும் வால்வை மூடிக்கிடலாம்" என்றேன்.

"சரி தம்பி, போயிட்டு வாரும்" என்றார்.

அந்த முதல் பஸ்ஸைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். பின்னால் கரி அடுப்பு, அதை ஊத ஒரு கைவிசிறி. சிவகிரி தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கி, "ஆம்பளையாளுக தள்ளுங்க, பொம்பளையாளுக நடங்க" என்றார். தள்ளினோம். கொஞ்ச தூரம் ஓடும், ஏறுவோம், நிற்கும், இறங்குவோம். நான் சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் வாங்கி நடந்தும் தள்ளியும் வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆலை வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

வாசலில் மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து வந்த பருத்தி வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். மாவிலைத் தோரணம், வாழைமரம், உள்ளே ஜின் எந்திரங்கள் ஓடும் சத்தம். பாய்லர் கூடத்துக்குள் போனால் கண் கூசியது. பித்தளை என்று பெயர் உள்ள எல்லாம் பளபளத்தது. ஆவி அளவு காட்டும் மீட்டரின் விளிம்பு, விசில், குழாய் மூட்டுகள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மாடசாமி அண்ணாச்சி புது வேட்டி கட்டியிருந்தார்.

"வாரும் தம்பி. பஸ் கெடுத்துட்டாக்கும்? ஆவி ஏறிட்டு, வண்டிக்காரங்க சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. பழைய வளையத்தையே போட்டு நானே மூடிட்டேன். நீருதான் தட்டைச் சும்மா கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிட்டுப் போயிருந்தீரே!"

"கண்ணாடி மாதிரியா?" என்றேன். நான் எந்தக் காலத்திலும் தட்டைக் கண்ணாடி மாதிரி வைத்துவிட்டுப் போனதில்லை.

நேரே போய், பம்பிலிருந்து செக் வால்வுக்கு வரும் குழாயில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டேன். தம்பிகளே, எந்தப் புத்தகம் படித்தாலும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். அந்தக் குழாய் தொட்டித் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்க வேண்டும். அது சுட்டால் பாய்லரில் இருக்கிற கொதிநீர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பம்பு நின்று நின்று ஓடும்போது, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும், பாய்லர் தன் தண்ணீரைத் தானே பின்பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

பாய்லரின் முகப்பில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, அதைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நிற்கவேண்டிய தண்ணீர் பாதிக்குக் கீழே நின்றது. அண்ணாச்சியும் அப்போதுதான் பார்த்தார். "இப்பதானே பம்பு ஓட்டினேன்" என்றார். குரல் மாறிவிட்டது.

பம்பை ஓட்டச் சொன்னேன். அது படபடவென்று வெறும் ஓட்டம் ஓடியது. திரும்பி வந்த கொதிநீர் பம்புக்குள் ஆவியாகி அடைத்துக்கொண்டது, இனி அதனால் தண்ணீரை இழுக்க முடியாது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஜின்களின் சத்தம் அடங்கியது. ஓர் ஆலையில் சத்தம் நின்றால் மூலைக்கு மூலை ஆள் முளைக்கும். கணக்கப்பிள்ளை முதலில் வந்தார், பின்னாலேயே முதலாளி.

"என்னவே பிட்டரே, ஓடுற மில்ல நிப்பாட்டிருக்கீரு?"

சொன்னேன். கணக்கப்பிள்ளை கெட்டிக்காரர், செக் வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவில் கையால் திருகி அடைக்கிற இன்னொரு வால்வு இருப்பதை அவர் கண் உடனே பிடித்துவிட்டது. "இங்கன ஒரு ஆளை நிப்பாட்டுவோம். பம்பு ஓடும்போது தெறக்கட்டும், நிக்கும்போது அடைக்கட்டும். மத்தியானத்துக்குள்ள மொத பேல் வந்துரும். அதுக்கப்புறம் என்னமும் செய்யும்" என்றார்.

அந்த யோசனை முட்டாள்தனமானது என்று நினைக்காதீர்கள். என் சர்வீஸில் நான் கேட்ட ஆபத்தான யோசனைகள் எல்லாமே புத்திசாலித்தனமானவைதான். வால்வு செய்கிற வேலையை ஓர் ஆளைச் செய்ய வைப்பது. அவன் முதல் தடவை சரியாகச் செய்வான். அடுத்த தடவையும் செய்வான். அப்புறம் வாசலில் யாராவது "ஏலே" என்று கூப்பிடுவார்கள், இவன் திரும்பிப் பார்ப்பான்.

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. அவர் கண் முன்னாலேயே அந்த வால்வைத் திறந்தபடியே வைத்துப் பம்பை ஓட்டிக் காட்டினோம். தண்ணீர் ஏறவில்லை. கண்ணாடிக் குழாயில் மட்டம் இன்னும் இறங்கியது. திருகி அடைத்தேன். இனி உள்ளே தண்ணீர் போகாது. உள்ளே இருப்பதோ நெருப்பில் கொதித்துக் குறைந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் வற்றி இரும்பு வெறுமே காய்ந்தால் பாய்லர் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கூடத்தில் எங்களோடு எத்தனை பேர் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

"மொதலாளி, நெருப்பை இழுத்து வெளிய போடணும். இப்பவே" என்றேன்.

"நெருப்பையா? மொத பேல் கட்டாமலா?" அவர் குரல் வாசல்வரை போயிருக்கும். "பூஜை போட்ட நெருப்புவே அது! வேற வழி பாரும்."

"வேற வழி இல்ல."

நான் வெளியூர்ப் பட்டறை ஆள். சொல்ல மட்டும்தான் என்னால் முடியும். பாய்லர் அடுப்பில் கை வைக்க வேண்டியவர் மாடசாமி அண்ணாச்சி. முதலாளி அவரைப் பார்த்தார்.

"ஏலே மாடசாமி, நெருப்பு மேல கை வச்சே, சாயந்தரத்துக்குள்ள சாமானைக் கட்டிக்கிட வேண்டியதுதான். சொல்லிட்டேன்."

அண்ணாச்சி கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் குழாயின் அடி முனைக்குக் கொஞ்சம் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே கோமு மதினி நின்றிருந்தார். பூஜைப் பொங்கலுக்கு மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, பானையைத் துலக்கிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்திருந்தார். அண்ணாச்சி நெருப்பு இழுக்கும் கம்பியை எடுத்து அடுப்புக் கதவைத் திறந்தார்.

தம்பிகளே, பயம் இல்லாதவன் நெருப்பை இழுத்தால் அதில் பெருமை இல்லை. இழுக்கும் முன்னால் அவர் தன் அறை இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பியதை நான் பார்த்தேன். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தார். எனக்கு அந்த மனுஷர் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

முதல் கங்கு தரையில் விழுந்தது. பக்கத்தில் ஒருவர் தண்ணீர் வாளியைத் தூக்கினார். "ஊத்தாதீக!" என்று ஒரு குரல். கோமு மதினி உள்ளே வந்துவிட்டார். கையில் பெரிய இரும்புச் சட்டி.

"மொதலாளி, இந்த நெருப்பை அணைக்கத்தானே கூடாது?" என்று கேட்டார். "எடுத்து வேற அடுப்புல வச்சா அது அணைச்சதா ஆகுமா?"

முதலாளி வாயைத் திறந்தார். அந்தக் குரல் வருவதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"சாமிக்குப் பொங்க வைக்கப் போற அடுப்புதான். அங்கன எரியட்டும். மிஷின் சரியானதும் எடுத்துக்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டே கங்குகளை அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு நடந்தார். மிச்ச நெருப்பை மட்டும் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினோம். எனக்கு நெருப்பை எப்படி வெளியே எடுப்பது என்றுதான் தெரிந்தது. எடுத்த நெருப்புக்கு ஒரு வீடு கொடுக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஆவி அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து செக் வால்வைத் திறந்தேன். முதலாளி பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னை விடப்போவதில்லை என்று உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

தட்டு வெளியே வந்தது. அண்ணாச்சி சொன்னது உண்மை. முகம் பார்த்துத் தலை சீவலாம். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. சீட்டோடு பொருந்தவேண்டிய இடமெல்லாம் மெல்லிய கீறல். தட்டின் அடியில் இருந்த பள்ளத்தில் செம்மண் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். ரப்பர் வளையம் உதிர்ந்ததோ என்று முகர்ந்து பார்த்தால் புளி வாசனை.

"அது புத்துமண்ணு தம்பி" என்றார் கோமு மதினி. பொங்கலைக் கிளறிய அகப்பையோடு வந்து நின்றிருந்தார். "நேத்து சாயந்தரம் எல்லாப் பித்தளையும் புளி போட்டுத் தேச்சேன். செங்கப்பொடி தீந்துபோச்சு. இது ஒண்ணு மட்டும் துணில மங்கலா, அழுக்கா கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா பாவமா இருந்துச்சு. கோயில்ல இருந்து கொண்டாந்த அம்மன் புத்துமண்ணு வீட்டுல இருந்திச்சு. அத வச்சு நல்லாத் தேச்சேன். இவுகளுக்கு இந்த வேல நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டுத் தேச்சேன்."

சங்கரன்கோவிலில் இருப்பவர்களுக்குப் புற்றுமண்ணைப் பற்றிச் சொல்லவேண்டாம். வெளியூர்த் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அங்கே கோயிலில் கொடுக்கும் அந்த மண்தான் பிரசாதம், அதுதான் மருந்து. சொறி, சிரங்கு, தேள்கடி, மனக்கவலை, எதற்கும் அதை இட்டுக்கொள்வார்கள். வேறு எந்த ஊரில் வால்வு கெட்டாலும் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இந்தக் காரணம் இந்த ஊரில் மட்டும்தான் இருக்க முடியும்.

முதலாளி எழுந்து வந்தார். என் விரல் நுனியில் இருந்த மண்ணைத் தொட்டு, பழக்கத்தில் நெற்றியில் இட்டுக்கொண்டார். இட்டுக்கொண்ட பிறகுதான் தான் கோபத்தில் இருக்கவேண்டியவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் குனிந்து ஸ்பானரைத் தேடவேண்டியிருந்தது.

"இவ்வளவு பளபளன்னு இருக்கே, இது எப்படிவே ஒழுகும்?" என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வளையம் பழசு, அதனால் ஒழுகியது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மதினி தப்பித்திருப்பார். ஆனால் வளையம் மேல் மூடிக்குத்தான். அடுத்த சீசனில் மறுபடி யாராவது தட்டைத் தேய்ப்பார்கள், அப்போது அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதே சமயம் அந்த உண்மை ஒரு நல்ல பாய்லர்காரர் தலையில் விழவும் கூடாது. தட்டைச் சீட்டில் உட்கார வைத்து, சிரட்டையில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றினேன். ஊற்றியது ஊற்றியபடி கீழே இறங்கிப் போயிற்று.

"புத்துமண்ணு ஒடம்புக்கு மருந்து, மொதலாளி" என்றேன். "இதுக்கு இல்ல. இது இப்படி மங்கலா இருந்தாத்தான் வேல செய்யும்னு மதினிக்கு யாரும் சொல்லல. எல்லாப் பித்தளையும் பளபளன்னு இருக்கணும்னுதான் சொல்லியிருந்திருக்கு."

"யார் சொன்னது?" என்று கேட்டார் முதலாளி. கணக்கப்பிள்ளை மேலே கூரையைப் பார்த்தார். மாடசாமி அண்ணாச்சி தன் புது வேட்டியில் பட்ட கரியைப் பார்த்தார். முதலாளி பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

நான் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். கெட்டதைச் சரிசெய்வது, முதல் தடவை செய்வதைவிட மெதுவான வேலை. அவசரப்பட்டால் இன்னும் கெடும். வெளியே வண்டிக்காரர்கள், உள்ளே முதலாளி, ஆனால் என் கைக்கு மட்டும் அன்று எந்த அவசரமும் இல்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிடாமல் இருந்தவனுக்குப் பொங்கல் வாசனை வந்துகொண்டே இருந்தது காரணமாக இருக்கலாம். மதினி வண்டிக்காரர்களுக்கெல்லாம் இலை போட்டுப் பரிமாறிவிட்டார். ரேஷன் காலத்தில் வெல்லப் பொங்கல் கிடைத்தால் யார் சத்தம் போடுவார்கள்? வாசலில் இருந்த கோபமெல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் விளிம்பு முழுக்கச் சாம்பல் பூத்தது. மறுபடி சிரட்டையைச் சாய்த்தேன். மண்ணெண்ணெய் நின்றது. முதலாளி ஸ்டூலை விட்டு இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். கால் மரத்துப்போய்க் கணக்கப்பிள்ளை கை கொடுத்துத் தூக்கும்வரை பார்த்தார். புது வளையத்தைப் போட்டு மூடினேன். ஆறிப்போயிருந்த பம்பை அண்ணாச்சி ஓட்டினார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறி, பம்பு நின்ற பிறகும் அங்கேயே நின்றது. குழாயைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. முதலாளியும் வந்து தொட்டுப் பார்த்தார்.

"சரி, நெருப்பைக் கொண்டாங்க" என்றார்.

எல்லாரும் பொங்கல் அடுப்பைப் பார்த்தோம். கோமு மதினி கங்குகளைச் சட்டியில் அள்ளி எடுத்துக்கொண்டு பாய்லர் கூடத்து வாசலுக்கு வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. சட்டியை இடுப்போடு அணைத்த துணியில் தாங்கிக்கொண்டு நின்றார்.

"நெருப்பைப் பாய்லர்காரர் கையிலதானே கொடுக்கணும், மொதலாளி?" என்றார். "இவுகளைச் சாயந்தரத்துக்குள்ள சாமானைக் கட்டச் சொல்லிட்டீக. நான் யார் கையில கொடுக்க?"

குரலை உயர்த்தவில்லை. வம்புக்குக் கேட்டது மாதிரியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரிதான் இருந்தது. சட்டியில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. முதலாளி அந்தச் சட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

"ஒம் வீட்டுக்காரன் கையில கொடு. இங்கன வேற எவன் இருக்கான் பாய்லர்காரன்?" என்றார். "சீக்கிரம் கொடும்மா. கை சுடப்போகுது."

அண்ணாச்சி வாங்கினார். நான் போய் இலை போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பொங்கலைப் போல ஒரு பொங்கலை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. நெருப்பு அப்படி.

சில வருஷம் கழித்து, ஒரு சீசன் தொடக்கத்தில், வேறு வேலையாக அதே ஆலைக்குப் போனேன். பழைய கணக்கப்பிள்ளை இல்லை. புதிதாக ஒரு சின்ன வயசுக்காரர் இருந்தார். பூஜை நடந்துகொண்டிருந்தது. முதலாளி சூடத்தைக் கொளுத்திப் பாய்லருக்குள் போடவில்லை. வெளியே கோமு மதினி கூட்டியிருந்த பொங்கல் அடுப்பில் போட்டார். செக் வால்வைத் திறந்து வைத்து, மங்கிக் கிடந்த தட்டின் மேல் ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்ற, எல்லாரும் கை கட்டி நின்று பார்த்தார்கள். அது நின்ற பிறகு வால்வை மூடினார்கள். அப்புறம் கோமு மதினி பொங்கல் அடுப்பிலிருந்து கங்கு அள்ளிக்கொண்டு வந்து மாடசாமி அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "இதெல்லாம் என்னய்யா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"இது இந்த மில்லு ஐதீகம் சார்" என்றார் ரொம்பப் பயபக்தியாக. "தொன்றுதொட்டு இப்படித்தான். அந்தத் தட்டை யாரும் தேய்க்கப்படாது, எண்ணெ நிக்காம நெருப்பு போடப்படாது."

"பாய்லர்காரருக்கு வயசாகுதே, வேற ஆள் போடலையா?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அதெப்படி சார் மாத்த முடியும்? நெருப்பு அவுக வீட்டு அடுப்புல இருந்துல்லா வரணும்!"